மிஷினைத் தொடாமல் சொல்லிக்கொடுப்பது: சூப்பர்வைசர்கள், மேனேஜர்களுக்கான கோச்சிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். கைமடியாக, அதாவது டைலருக்குக் கையாளாக நுழைந்து, டைலராகி, சூப்பர்வைசராகி, கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது புதிதாகப் பொறுப்புக்கு வரும் சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் இவை. உதாரணங்கள் தையல் லைனிலிருந்தே வரும். ஐடியிலோ வங்கியிலோ டீம் நடத்துகிறவர்கள், டைலர் என்று வரும் இடத்தில் உங்கள் ஆளைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் என்றால் நீட், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் மாதிரியா?

பெயர் ஒன்று, வேலை வேறு. அங்கே ஒருவர் மைக்கில் பேசுவார், இருநூறு பேர் எழுதிக்கொள்வார்கள். இங்கே ஒரே ஒரு ஆள், அவர் இப்போது செய்துகொண்டிருக்கும் ஒரே ஒரு வேலை, அதைப் பற்றி அவரோடு ஐந்து பத்து நிமிடப் பேச்சு. பேச்சு முடியும்போது அடுத்து என்ன செய்யலாம் என்பது அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்து வந்த வழி இது. 1970களில் டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், ‘பந்தைப் பார், பந்தைப் பார்’ என்று கத்துவதை விட்டுவிட்டார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று ஆடுகிறவரையே வாய்விட்டுச் சொல்லவைத்தார். சொல்ல வேண்டுமென்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும்? கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இதை இங்கிலாந்தில் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனார்.

தமிழில் ‘வழிகாட்டுதல்’ என்று சொல்லிப் பார்த்தேன். வழி நமக்கு முன்பே தெரியும் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. அதனால் கோச்சிங் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நல்ல டைலரைத்தானே சூப்பர்வைசர் ஆக்குகிறோம்? அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. என்னையே சொல்கிறேன். சூப்பர்வைசரான முதல் மாதம், யார் மிஷினில் பண்டல் (தைக்க வேண்டிய துணிக் கட்டு) தேங்கினாலும் ‘எந்திரி கண்ணு’ என்று ஆளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்துவிடுவேன். முப்பது பீஸ் அடித்துத் தள்ளிவிட்டு எழுந்தால் பெருமையாக இருக்கும். ஆனால் மறுநாள் அதே மிஷின், அதே தேக்கம். நான் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது லைனின் மறுகோடியில் ஊசி உடைந்தும் நூல் தீர்ந்தும் ரெண்டு பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, “உனக்கு டைலர் சம்பளமே போட்டுடலாமா?” என்று கேட்டார். அப்போது கோபம் வந்தது. அவர் கேட்டது சரியான கேள்வி என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது.

வேலையில் கை பழகப் பழக, அந்தக் கை என்ன செய்கிறது என்பது நமக்கே மறந்துவிடும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ‘பேலன்ஸ் பண்ணு’ என்பதைத் தாண்டி நமக்குச் சொல்ல வராது, இல்லையா? அதே கதைதான்.

கூகுள் நிறுவனம் 2008-ல் தன்னிடம் உள்ள நல்ல மேனேஜர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்து எட்டு குணங்களைப் பட்டியல் போட்டது. முதலிடம் நல்ல கோச்சாக இருப்பதற்கு. தொழில்நுட்ப அறிவு எட்டாவது. தொழில் தெரியாமலே மேய்க்கலாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்தில் எடுத்த பட்டியல் அது.

எப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும், எப்போது கேள்வி கேட்க வேண்டும்?

புதிதாகக் கோச்சிங் வகுப்புக்குப் போய்வந்தவர்கள் சறுக்கும் இடம் இது. எல்லாவற்றுக்கும் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் போய் ஓவர்லாக் மிஷினில் நூல் கோப்பதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

நான் பார்ப்பது இதுதான். வேலையே தெரியாதா? சொல்லிக்கொடுங்கள். வேலை தெரியும், ஆனால் எங்கோ பிசகுகிறதா? கேளுங்கள். கை ஊசிக்கு அடியில் போகிறதா, சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டுமா? உத்தரவு போடுங்கள், பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்றும் தேவைப்படலாம். பதினைந்து வருஷ அனுபவமுள்ள டைலர் புது மாதிரி மிஷினில் உட்கார்ந்தால், அந்த ஒரு மிஷினுக்கு அவர் புது ஆள்தான்.

சொல்லிக்கொடுப்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறதா?

இருக்கிறது, பழசும்கூட. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் தொழில் தெரியாத லட்சக்கணக்கான பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக 1940-ல் அந்நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சூப்பர்வைசர்களுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் பத்தே மணி நேரம். போர் முடிந்த 1945-ல் அங்கே திட்டத்தை மூடிவிட்டார்கள். ஆனால் ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது, 1950களில் டொயோட்டாவுக்குள்ளும் போனது. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. என் வகுப்பில் இந்த வரிக்கு மட்டும் யாரும் தலையாட்டுவதில்லை.

அதில் நாலு படி: ஆளைத் தயார் செய்வது, செய்துகாட்டுவது, அவரைச் செய்யவிடுவது, அப்புறம் போய்ப் பார்ப்பது.

டி-ஷர்ட் கழுத்துக்கு ரிப், அதாவது இழுபடும் பட்டை வைப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில், எதிரே நிற்காதீர்கள். எதிரே நின்று காட்டினால் உங்கள் வலது அவருக்கு இடது. பக்கத்தில், அவர் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள், அல்லது உங்கள் பக்கத்தில் அவரை நிறுத்துங்கள். முன்பு என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். அதிலேயே பாதிப் பயம் போய்விடும்.

பிறகு செய்துகாட்டுங்கள், மூன்று தடவை. முதல் தடவை என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்: ரிப்பை நாலாக மடித்துக் குறி, கழுத்தை நாலாக மடித்துக் குறி, குறியோடு குறி சேர்த்து அடி. இரண்டாம் தடவை கவனிக்க வேண்டியதைச் சேருங்கள்: ரிப்பை மட்டும் இழு, துணியை இழுக்காதே. மூன்றாம் தடவை ஏன் என்று சொல்லுங்கள்: ரிப் கழுத்தைவிடச் சுற்றளவு குறைவாக வெட்டியது, நாலு பாகமும் ஒரே அளவு இழுபட்டால்தான் கழுத்தோடு படிந்து உட்காரும், ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் அங்கே சுருக்கம் விழும், துணியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும்.

அப்புறம் அவர் தைக்க வேண்டும். நம்மில் நிறையப் பேர் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விடுகிறோம். புரிந்ததா என்று கேட்டால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அவர் தைக்கட்டும், தைத்துக்கொண்டே ஒவ்வொரு படியையும் உங்களுக்குச் சொல்லட்டும், ஏன் என்பதையும் சேர்த்து. அந்த நேரத்தில் உங்கள் கை மிஷினுக்குப் போகக்கூடாது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பசங்கள் கிண்டல் செய்வார்கள், பரவாயில்லை.

கடைசியில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டு நகருங்கள். அரை மணியில் ஒரு தடவை, மதியத்தில் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை வந்து பாருங்கள்.

சரி, கேள்வி கேட்பது எப்படி? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பல வருஷத்துக்கு முன் நடந்தது. பனியனின் அடிப்பக்கத்தை (பாட்டம்) மடித்துத் தைக்கும் மிஷின் பிளாட்லாக்; திருத்தித் தைக்க வேண்டிய பீஸுக்கு ‘ஆல்டர்’ என்போம். புது சூப்பர்வைசர் ஒரு பையன், வேகமாக என்னிடம் வந்தான்.

“சார், பிளாட்லாக் அக்காவை மாத்திக் கொடுங்க. பாட்டம் மடிக்கறதுல ஆல்டர் நிறைய வருது.”

“நிறையன்னா எத்தனை?”

“நிறைய சார்.”

“எண்ணிட்டு வா.”

வந்தான். “அறுபதுல பதினாலு சார். எல்லாம் தையல் விட்டுவிட்டு விழுது.”

“பதினாலும் ஒரே இடத்துலயா?”

முழித்தான். திரும்பப் போனான். இந்தத் தடவை வர நேரமானது. “பதினொண்ணு சைடு தையல் கிட்ட சார். மடிப்பு சைடைத் தாண்டற இடத்துல.”

“காலையில இருந்தேவா?”

“இல்லைங்க, டீக்கு அப்புறம்தான்.”

“டீக்கு அப்புறம் அந்த அக்காகிட்ட என்ன மாறுச்சு?”

“அவங்ககிட்ட ஒண்ணும் மாறலையே...” என்று இழுத்தவன் நிறுத்தினான். “சார், சைடு அடிக்கற ஓவர்லாக்ல டீக்கு அப்புறம் வேற ஆளை உட்கார வெச்சேன்.”

போய்ப் பார்த்தால், புது ஆள் சைடுத் தையலை ஒரு பீஸில் முன்பக்கமும் ஒரு பீஸில் பின்பக்கமுமாகத் திருப்பிவிட்டிருந்தார். சில பீஸில் மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம். மடிப்பு வரும் இடத்தில் அது முறுக்கிக்கொண்டு தடித்து நின்றது. அந்தத் தடிப்பைத் தாண்டும்போதுதான் பிளாட்லாக்கில் தையல் விட்டது. அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்தக் காரணம் எனக்கும் முன்பே தெரியாது. நான் ஆபீஸ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்டது நாலே கேள்வி, அதில் ஒன்றில்கூடப் பதில் ஒளிந்திருக்கவில்லை. ‘நூல் டென்ஷனைப் பார்த்தியா?’ என்று கேட்டிருந்தால் அது கேள்வி வேஷம் போட்ட உத்தரவு. அவன் நூல் இறுக்கத்தைத் திருகிக்கொண்டு மதியம் வரைக்கும் நின்றிருப்பான்.

விட்மோர் 1992-ல் பிரபலப்படுத்திய வரிசை ஒன்று உண்டு. எங்கே போகணும், இப்போ எங்கே நிக்கிறோம், என்னென்ன வழி இருக்கு, எதை எப்போ செய்யப் போறோம் என்று போகும். நல்ல வரிசைதான். ஆனால் லைனில் இரண்டாவதற்கே முக்கால்வாசி நேரம் போய்விடும், போகட்டும். நிலவரத்தை எண்ணிக்கையோடு பார்த்துவிட்டால் மற்ற மூன்றும் தானாக வரும்.

‘தெரியலைங்க சார்’ என்று நின்றுவிட்டால்?

முதலில் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களைத்தான் அதிகம் உறுத்தும். பாதிப் பேர் எட்டிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். நிஜமாகவே தெரியாது என்றால் சொல்லிக்கொடுக்கும் முறைக்குப் போங்கள். தெரிந்தும் சொல்லப் பயம் என்றால், போன தடவை பதில் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு நேரமே இல்லை. இதெல்லாம் எப்போது செய்வது?

தனியாக நேரம் ஒதுக்கி, ரூமுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று நினைப்பதால் வரும் கவலை இது. கூப்பிட்டாலே ஆள் பயந்துவிடுவார், பக்கத்து மிஷின்காரர்கள் என்னவோ ஏதோ என்று பேசிக்கொள்வார்கள். லைனில் எப்படியும் நடக்கத்தான் போகிறீர்கள். நடக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு ஆள், ஐந்து நிமிடம். ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாளில் ஐந்து நிமிடம் கிடைக்காது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சத்தம் போடாமல் வேலை நடக்குமா? குறை சொல்லவே கூடாதா?

சொல்ல வேண்டும். எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம்.

க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல், வேலை பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன பலன் என்று அளந்த அறுநூறுக்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சொன்னதால் வேலை இன்னும் கெட்டிருந்தது. பேச்சு வேலையை விட்டு நகர்ந்து ஆளின் மேல் போகப் போக பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தாராளமாகப் புகழ்ந்தாலும் இதே ஆபத்து உண்டு.

லைன் பாஷையில் சொன்னால், ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்பது ஆளின் மேல் போகிறது. ‘இந்தப் பீஸ்ல ஷோல்டர் கால் இஞ்ச் உள்ளே போயிருக்கு, பாருங்க’ என்பது பீஸின் மேல் நிற்கிறது. பீஸைக் கையில் கொடுத்து, தப்பை அவரே விரலால் தொட்டுக் காட்டும்படி விடுங்கள். பாராட்டும்போதும் அப்படியே. ‘சூப்பர்’ என்றால் அவருக்கு என்ன தெரியும்? ‘பண்டல் மாத்தும்போது நூலை நீளமா விடாம வெட்டிட்டீங்க, செக்கிங்ல வேலை குறைஞ்சுது’ என்றால் நாளைக்கும் அதையே செய்வார்.

சத்தம் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் நிறைந்த லைனில் கெட்ட வார்த்தையும் இரட்டை அர்த்தப் பேச்சும் ‘ஸ்டைல்’ என்று சில சூப்பர்வைசர்கள் நினைக்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-ல் சட்டமே வந்துவிட்டது. அப்படிப்பட்டவருக்குக் கோச்சிங் தேவையில்லை, விசாரணைதான் தேவை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கு நான் எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள், கேளுங்கள். “அண்ணா, இந்த ஸ்டைல்ல ஸ்லீவ் வைக்கறது எனக்குச் சரியாப் பிடிபடலை, நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க?” என்று போனால் அவர் காட்டுவார். காட்டும்போது பிசகு இருந்தால் அது அவர் கண்ணிலேயே படும். இதை நடிப்பாகச் செய்தால் மூத்தவர்கள் மூன்றே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமாகவே அவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கும், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்தவர்கள். எனக்கு இந்தி தெரியாது.

நாலு படி முறை இங்கேதான் கைகொடுக்கும், ஏனென்றால் பாதி வேலையைக் கை செய்கிறது. நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று, ரெண்டையும் மிஷினுக்கு மேலே தொங்கவிடுங்கள். கேள்வி கேட்பதற்கு மட்டும் பாஷை வேண்டும். ரெண்டு பாஷையும் தெரிந்த ஒரு டைலர் எல்லா லைனிலும் இருப்பார். ஆனால் அவரை நாள் முழுக்க ஓசி மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிட்டு, ‘உன் டார்கெட் ஏன் குறைந்தது’ என்று சாயங்காலம் கேட்கக்கூடாது. நான் கேட்டிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நீங்களும் பத்து வார்த்தை இந்தி கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சிரித்தபின் பேசுவது சுலபம்.

கோச்சிங் எங்கே எடுபடாது?

மிஷின் சரியில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பீஸ் ரேட் கட்டுபடியாகவில்லை என்றால் ரேட்டைப் பேச வேண்டும். மூன்று நாளாகத் தூங்காத கைக்குழந்தைத் தாயிடம் ‘என்னென்ன வழி இருக்கு?’ என்று கேட்பது கொடுமை. முதலில் லீவு கொடுங்கள். நிர்வாகம் செய்ய வேண்டியதைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதற்குக் கோச்சிங்கை ஒரு சாக்காகப் பயன்படுத்துவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பழக்கிவிட்ட ஆள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால்?

முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி. பெங்களூருவில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர நிர்வாகம் போன்றவற்றில் பயிற்சி கொடுத்து, குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி நன்றாகவே கூடியது. மற்றவர்களைவிட அதிகமாக அவர்கள் வேலையை விட்டுப் போய்விடவும் இல்லை. இதுவரைக்கும் படித்துவிட்டு முதலாளிகள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். கூலி மட்டும் ஏறினதாகச் சொல்லவே முடியாத அளவுக்குத்தான் ஏறியது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்த வரியையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

ரெண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினால் போதாதா?

வகுப்பு எடுப்பவனே சொல்கிறேன், போதாது. நீச்சல் வகுப்பைக் கரையில் நடத்தின மாதிரிதான். அனுப்பினால், திரும்பி வந்தபின் நாலு வாரம் அவர் லைனில் பேசுவதை யாராவது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அதற்கு ஆளில்லை என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

தனியாக ஆரம்பிப்பதென்றால் முதல் வாரம் என்ன செய்வது?

பாக்கெட் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வேலையில் உங்கள் கை போகும்போதெல்லாம், அதாவது எழுப்பிவிட்டு உட்கார்ந்தால், கையிலிருந்து பீஸைப் பிடுங்கினால், ஆபீஸில் என்றால் அவர் ஃபைலை நீங்களே திருத்தினால், ஒரு கோடு போடுங்கள். மாற்ற முயற்சிக்க வேண்டாம், எண்ணினால் போதும். வாரக் கடைசியில் எந்த ஆளிடம் கோடு அதிகமோ, அடுத்த வாரம் அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

என் முதல் வாரக் கணக்கு திங்கட்கிழமை பதினொன்று, சனிக்கிழமை நாலு. சனிக்கிழமை சம்பள நாள், பாதி நேரம் நான் லைனிலேயே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.